அரியர் வைத்த பெண்ணும் மலைக் கொரில்லாக்களும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு, ஆனா தயவு செய்து டெக்னிக்கலா வேண்டாம், போன தடவையே மூணு பேர் டர்பைன் பத்தி எழுதிட்டாங்க என்று மலர்க் குழுவில் இருக்கும் என் பேட்ச் நண்பன் போனில் சொன்னான். சரி, டர்பைன் வேண்டாம். ஆப்பிரிக்காவில் ஒரு எரிமலைச் சரிவுக்குப் போய் வருவோம்.

நான் சொல்லப் போவது டயன் ஃபாஸி என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதை. மலைக் கொரில்லாக்களோடு பதினெட்டு வருஷம் வாழ்ந்தவர். 1988-ல் வந்த கொரில்லாஸ் இன் த மிஸ்ட் என்ற ஹாலிவுட் படத்தை சீனியர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். படத்தில் வராத சில விஷயங்கள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. அதிலும் முதலாவது, நம் காலேஜ் மக்களுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம்: இந்த அம்மாள் அரியர் கேஸ்.

படிப்பு ஓடவில்லை

1932 ஜனவரி 16-ந் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அம்மா மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந் தந்தை கட்டட கான்ட்ராக்டர், கண்டிப்பான மனிதர். வீட்டில் பெரியவர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட அந்தக் குழந்தைக்கு அனுமதி இல்லை. பத்து வயது வரை சமையலறையில் வேலைக்காரப் பெண்ணோடுதான் சாப்பாடு. மனுஷங்க கிட்ட கிடைக்காத ஒட்டுதல் பிராணிகளிடம் கிடைத்தது. குதிரை என்றால் உயிர்.

அதனால் மிருக வைத்தியராக வேண்டும் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சேர்ந்தார். இரண்டாம் ஆண்டில் கெமிஸ்ட்ரியும் பிசிக்சும் புட்டுக்கொண்டன. நம்மைப் போல அடுத்த செமஸ்டரில் கிளியர் பண்ணலாம் என்று உட்காரவில்லை. சான் ஹோசே கல்லூரிக்கு மாறி, ஆக்குபேஷனல் தெரபி படித்து 1954-ல் பட்டம் வாங்கினார். கை கால் சரியாக வராத குழந்தைகளுக்குச் சட்டை பட்டன் போடுவது, ஸ்பூன் பிடிப்பது மாதிரி அன்றாடக் காரியங்களைப் பொறுமையாகப் பழக்கும் வேலை. கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவுக்கே தலைவியானார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு வராத குழந்தை எதற்குப் பயப்படுகிறது, எப்போது நம்பத் தொடங்குகிறது என்று முகத்தையும் கையையும் பார்த்தே கண்டுபிடிக்கிற வேலையை ஏழெட்டு வருஷம் செய்தவர் அவர். பின்னால் மலை மேல் உதவியது இந்த அனுபவம்தான் என்பது என் எண்ணம். கோட்டை விட்ட பிசிக்ஸ் அங்கே தேவைப்படவே இல்லை!

கடன் வாங்கி ஒரு டூர்

தோழி ஒருவர் ஆப்பிரிக்கா போய்விட்டு வந்து காட்டிய போட்டோக்கள்தான் வினை. தானும் போயே தீருவது என்று முடிவு செய்தார். சேமிப்பு பத்தவில்லை. பாங்கில் கடன் வாங்கினார். அதை அடைக்கவே அடுத்த சில வருஷ சம்பளம் சரியாகிவிடும் என்ற நிலை. 1963 செப்டம்பரில் கிளம்பினார். மொத்தம் ஏழு வாரம். ஆகவே, ஆப்பிரிக்க மண்ணில் அவர் முதலில் கால் வைத்தது விஞ்ஞானியாக அல்ல, காசு கொடுத்து மிருகம் பார்க்க வந்த டூரிஸ்டாக. பின்னால் இது மறுபடியும் வரும்.

தான்சானியாவில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் லூயி லீக்கி என்ற புகழ்பெற்ற ஆராய்ச்சியாளர் ஆதி மனிதனின் எலும்புகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் போன டயன், புதிதாகக் கிடைத்திருந்த ஒட்டகச்சிவிங்கிப் புதைபடிவத்தைப் பார்க்கும் ஆசையில் சரிவில் ஓடி, வழுக்கி விழுந்து, கணுக்காலை முறுக்கிக்கொண்டு, வலியில் அந்தப் புதைபடிவத்தின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டார். முதல் சந்திப்பில் இதைவிட மோசமாக நடந்துகொள்ள முடியாது. லீக்கி என்னவோ இந்தப் பெண்ணை மறக்கவில்லை.

அந்த வீங்கிய காலோடு இரண்டு வாரத்தில் காங்கோ பக்கம் விருங்கா எரிமலைத் தொடரில் ஏறினார். கபாரா என்ற புல்வெளி, சுமார் 3,000 மீட்டர் உயரம். சில வருஷம் முன்பு ஜார்ஜ் ஷாலர் என்ற விஞ்ஞானி கொரில்லாக்களைக் கவனித்த அதே இடம். வழிகாட்டியாக வந்தவர் சன்வெக்வே என்ற காங்கோ நாட்டுக்காரர், ஷாலருக்கும் தடம் பார்த்துக் கொடுத்தவர். மூடுபனி. முதலில் வாடை வந்தது. பிறகு சத்தம் கேட்டது. பிறகுதான் இலைகளுக்கு நடுவே கறுப்பு முகங்கள். அவர் அவைகளைப் பார்த்த மாதிரியே அவைகளும் அவரை எட்டி எட்டிப் பார்த்தன. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

ஊர் திரும்பிக் கடனை அடைத்துக்கொண்டிருந்தார். 1966-ல் லூயிவில்லுக்கு லீக்கி பேச வந்தார். டயன் தன் பயணத்தைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளை எடுத்துக்கொண்டு போய் முன்னால் நின்றார். ஜேன் குடால் சிம்பன்சிகளைக் கவனிக்கப் போய் அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதே மாதிரி கொரில்லாக்களுக்கு ஒரு ஆள் லீக்கிக்குத் தேவைப்பட்டது. மலை மேலே ஆஸ்பத்திரி கிடையாது, குடல்வாலை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது என்றார். டயன் நிஜமாகவே ஆபரேஷன் செய்துகொண்டார். பிறகு லீக்கியிடமிருந்து கடிதம் வந்தது: உறுதியைச் சோதிக்கத்தான் சொன்னேன், எடுக்கத் தேவையில்லை! கேம்பஸ் இன்டர்வியூவில் நாமெல்லாம் பட்ட பாடு ஒன்றுமே இல்லை.

தனியாக மலை மேல்

1967 ஜனவரியில் கபாராவில் கூடாரம் போட்டார். உதவிக்கு வந்த நண்பர் மலை இறங்கிப் போனபோது, பின்னாலேயே ஓடிவிடாமல் இருக்கக் கூடாரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். ஆறடி உயரப் பெண். உயரமான இடம் என்றால் பயம். விடாமல் சிகரெட் பிடிப்பவர், நுரையீரல் பலவீனம் வேறு. மலைக்காட்டு வேலைக்கு அப்ளிகேஷன் போட்டால் எந்த மெடிக்கல் போர்டும் பாஸ் பண்ணாது.

ஆறு மாதம் ஆகியிருக்கும், காங்கோவில் உள்நாட்டுக் கலகம். ஜூலையில் சிப்பாய்கள் வந்து மலையிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தார்கள். எப்படியோ தப்பி உகாண்டா போய்ச் சேர்ந்தார். வேறு யாராக இருந்தாலும் அடுத்த பிளேனில் வீடு. இவர் அதே மலைத்தொடரின் ருவாண்டா பக்கம் சுற்றி வந்து, 1967 செப்டம்பர் 24-ந் தேதி கரிசிம்பி, விசோக்கே என்ற இரண்டு எரிமலைகளுக்கு நடுவே புது முகாம் போட்டார். இரண்டு பெயரையும் ஒட்டி கரிசோக்கே என்று பெயர் வைத்தார்.

கொரில்லா என்றாலே கிங் காங் ஞாபகம்தான் வரும் அந்தக் காலத்தில். வெள்ளி முதுகு ஆண் என்று சொல்லப்படும் வளர்ந்த தலைவன் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். மார்பில் அடித்துக்கொண்டு, அலறிக்கொண்டு பாய்ந்து வரும். ஓடினால் ஆபத்து. அசையாமல் குனிந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் பக்கத்தில் வந்து நின்றுவிடும். பாய்ச்சலில் பெரும்பகுதி மிரட்டல்தான் என்று டயன் தெரிந்துகொண்டார். இலை, தண்டு, மூங்கில் குருத்து தின்னும் சாது. தன் குடும்பத்தைக் காக்க மட்டுமே கோபம்.

நெருங்குவதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. நிமிர்ந்து நடக்காமல் கை முட்டிகளை ஊன்றித் தவழ்ந்து போவார். காட்டுச் செலரித் தண்டைக் கடித்து மெல்லுவார். உடம்பைச் சொறிந்துகொள்வார். திருப்தியான கொரில்லா தொண்டைக்குள் விடும் ஏப்பம் மாதிரியான ஒலியைத் தானும் விடுவார். நான் ஒன்றும் பண்ண மாட்டேன், சாப்பிட வந்தேன் என்று அவைகளின் பாஷையில் சொல்வது அது. ஒவ்வொன்றையும் அடையாளம் காண மூக்கின் மேலுள்ள சுருக்கங்களை நோட்டில் வரைந்து வைத்தார். நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது மற்றதுக்கு இருக்காது. மழையிலும் சேற்றிலும் ஆயிரக்கணக்கான மணி நேரம் இப்படியே உட்கார்ந்தார்.

1970-ல் ஒரு நாள் பீனட்ஸ் என்று அவர் பெயரிட்ட இளம் ஆண் அருகில் வந்தது. டயன் மெல்ல மல்லாந்து கையை நீட்டினார். அது ஒரு கணம் தயங்கி, தன் விரல்களால் அவர் கையைத் தொட்டது. மலைக் கொரில்லா ஒன்று தானாக முன்வந்து மனிதக் கையைத் தொட்டதாகப் பதிவான முதல் சம்பவம் இதுதான் என்பார்கள். அதே வருஷ ஜனவரியில் நேஷனல் ஜியாக்ரபிக் அட்டையில் அவர் படம் வந்தது. கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டமும் பிறகு வாங்கினார். டேவிஸில் புட்டுக்கொண்டவர்தான்.

டிஜிட்

இந்த இடத்தோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் மலைக்குக் கீழே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. ருவாண்டா சின்ன நாடு, ஜனநெருக்கம் அதிகம், நிலம் போதாது. 1969 வாக்கில் தேசியப் பூங்காவில் சுமார் 40 சதவீதத்தை வெட்டி, பூச்சிமருந்துக்கான பைரித்ரம் பூ பயிரிடக் கொடுத்துவிட்டார்கள். மேலே மாடு மேய்ப்பவர்கள் வருவார்கள். சிறு மான்களுக்காக வேட்டைக்காரர்கள் கண்ணி வைப்பார்கள், அதில் கொரில்லாவின் கை கால் மாட்டி அழுகும். சில வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொரில்லாவின் தலை சுவரில் மாட்ட வேண்டும், கை சிகரெட் சாம்பல் தட்ட வேண்டும். அதற்கும் விலை இருந்தது.

1969-ல் ஜெர்மனியின் கொலோன் மிருகக்காட்சி சாலைக்காக இரண்டு குட்டிகளைப் பிடித்தார்கள். குட்டியைக் கொடுக்காமல் குடும்பமே எதிர்த்து நின்றதால், அந்த இரண்டைப் பிடிக்கப் பதினெட்டு கொரில்லாக்கள் கொல்லப்பட்டன என்று டயன் கணக்குச் சொன்னார். சாகக் கிடந்த குட்டிகளை முகாமில் வைத்து டயன் தேற்றினார். காட்டிலேயே விட்டுவிட மன்றாடினார். கேட்கவில்லை. இரண்டும் கொலோனுக்குப் போய், 1978-ல் ஒன்றன் பின் ஒன்றாகச் செத்தன.

எல்லாவற்றிலும் அவருக்கு உயிரானது டிஜிட். ஒரு விரல் கோணிப்போயிருந்ததால் அந்தப் பெயர். 1967-ல் பார்த்தபோது சிறு குட்டி. கூட விளையாட அதே வயதில் வேறு குட்டி இல்லாததால் டயனிடம் ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணெதிரே வளர்ந்து ஆளானது. அதன் படத்தைத்தான் ருவாண்டா சுற்றுலாத் துறை போஸ்டரில் போட்டு, ஊரெல்லாம் ஒட்டி, பயணிகளை அழைத்தது.

1977 டிசம்பர் 31. ஆறு வேட்டைக்காரர்கள், கூட நாய்கள். டிஜிட் தனியாக நின்று தடுத்தது. ஐந்து ஈட்டிக் காயம். அதற்குள் மற்ற பதின்மூன்று பேரும் தப்பிவிட்டார்கள். தலையையும் கைகளையும் வெட்டி எடுத்துப் போனார்கள். அடுத்த ஜூலையில் அதே குடும்பத்தின் தலைவனும் ஒரு தாயும் சுடப்பட்டன.

அதற்குப் பிறகு டயன் பழைய டயன் இல்லை. டிஜிட் பெயரில் நிதி திரட்டினார். சொந்தமாக ரோந்துப் படை அமைத்தார். 1979-ல் நான்கே மாதத்தில் நான்கு பேர் சேர்ந்து 987 கண்ணிகளை அறுத்தெறிந்தார்கள். இது பாராட்ட வேண்டியது. ஆனால் பிடிபட்ட வேட்டைக்காரர்களைக் காஞ்சொறிச் செடியால் அடித்ததும், முகமூடி போட்டு மிரட்டியதும், மாடுகளைச் சுட்டதும், ஒரு வேட்டைக்காரரின் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டதும் உண்டு. இதையும் சொல்லாமல் விட்டால் அது வாழ்க்கை வரலாறு இல்லை, வாழ்த்து மடல். கண்ணி வைத்தவர்களில் பலர் ராத்திரி உலைக்கு அரிசி இல்லாத ரகம். அவர்களை எதிரியாக மட்டுமே பார்க்க அவருக்கு முடிந்தது.

இரண்டு கட்சி

1978-ல் பில் வெபர், ஏமி வெடர் என்ற இளம் அமெரிக்கத் தம்பதி கரிசோக்கே வந்தார்கள். கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 1960 வாக்கில் ஷாலர் 400-லிருந்து 500 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்ட விருங்கா கொரில்லாக்கள் சுமார் 250 ஆகக் குறைந்திருந்தன. மேலும் 5,000 ஹெக்டேர் காட்டை வெட்டி மாட்டுப் பண்ணை போடும் திட்டம் வேறு வந்துகொண்டிருந்தது. காடு வருமானம் கொடுத்தால்தான் அரசாங்கம் காட்டை விட்டுவைக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். 1979-ல் மலைக் கொரில்லாத் திட்டம் பிறந்தது. சில குடும்பங்களை மட்டும் பழக்கி, தினமும் சின்னக் குழுவாகப் பயணிகளைக் கூட்டிப்போய், ஒரு மணி நேரம் காட்டிவிட்டு இறக்குவது. அந்தப் பணத்தில் காவலாளிகளுக்குச் சம்பளம், பள்ளிக்கூடங்களில் பிரசாரம்.

டயன் கடுமையாக எதிர்த்தார். காரணம் லேசானது இல்லை. மனிதனுக்கு வரும் சளி, காய்ச்சல் கொரில்லாவுக்கும் தொற்றும். நமக்கு மூன்று நாள் தும்மல், அவைகளுக்கு நிமோனியா. மனிதனைக் கண்டு பயப்படாத கொரில்லா துப்பாக்கியோடு வருகிறவனையும் பயமில்லாமல் பார்க்கும், டிஜிட்டுக்கு நடந்தது அதுதானே என்ற உறுத்தலும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். போஸ்டரில் அழைப்பு விடுத்த முகத்தையே வெட்டி எடுத்துப் போனார்கள். சுற்றுலா என்ற வார்த்தையே அவருக்குக் கசந்ததில் ஆச்சரியம் என்ன?

ஆனாலும், 1963-ல் கடன் வாங்கிக்கொண்டு ஒரு டூரிஸ்ட் அந்த மலை ஏறியிருக்காவிட்டால் கரிசோக்கே ஏது?

1980-ல் அமெரிக்கா போய் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு தன் புத்தகத்தை முடித்தார். 1983-ல் அது வெளியானது. அதே வருஷம் மலைக்குத் திரும்பினார். உடம்பு தளர்ந்திருந்தது, மூச்சு வாங்கியது, ஏறுவதே கஷ்டம். 1985 டிசம்பர் 26 இரவு, தன் குடிசையில் அரிவாளால் வெட்டப்பட்டு இறந்தார். வயது 53. உடன் இருந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் குற்றவாளி என்று, அவர் நாட்டில் இல்லாதபோதே ருவாண்டா கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அவர் அதை மறுத்தார். சந்தேகம் இன்றும் தீரவில்லை. டிசம்பர் 31-ந் தேதி, டிஜிட் செத்த அதே நாளில், டிஜிட்டுக்குப் பக்கத்திலேயே டயனைப் புதைத்தார்கள். மலையில் தனியாக வாழும் பெண் என்று ஊர்க்காரர்கள் வைத்த நியிராமச்சபெல்லி என்ற பெயரும் கல்லறையில் இருக்கிறது.

கணக்குப் பார்த்தால்

1990-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர், 1994-ல் நடந்த இனப்படுகொலை, இரண்டிலும் கரிசோக்கே முகாம் சூறையாடப்பட்டு அழிந்தது. ஆனால் கொரில்லாக்கள் பெரும்பாலும் பிழைத்தன. 2015, 2016-ல் எடுத்த கணக்கில் விருங்காவில் 604. உகாண்டாவின் பிவிண்டி காட்டில் 2018-ல் எடுத்த கணக்கையும் சேர்த்தால் 1,063. 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவைகளை மிக அபாய நிலையிலிருந்து ஒரு படி இறக்கி, அபாய நிலைப் பட்டியலில் வைத்தது. எண்ணிக்கை ஏறியது என்று சொல்லக்கூடிய காட்டுப் பெருங்குரங்கு அநேகமாக இது ஒன்றுதான்.

2017 முதல் ருவாண்டாவில் கொரில்லா பார்க்க ஒரு ஆளுக்கு 1,500 டாலர் கட்டணம். சுற்றுலா வருமானத்தில் பத்து சதவீதம் சுற்றுப்புற கிராமங்களுக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. கொரில்லாக்களிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும். சளி, ஜுரம் இருந்தால் மேலே விட மாட்டார்கள்.

அப்படியானால் டயன் தோற்றாரா? நான் அப்படிப் பார்க்கவில்லை. 250 என்ற நிலையில் கண்ணி அறுத்து, உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்து, காப்பாற்றுவதற்கு ஏதோ மிச்சம் வைத்தவர் அவர். அந்த மிச்சத்தைப் பெருக்கியது அவர் வெறுத்த சுற்றுலா. அந்தச் சுற்றுலாவுக்குப் போட்ட கட்டுப்பாடுகளோ, அவர் எதற்குப் பயந்தாரோ அதே பயத்தில் பிறந்தவை. நம் பாஷையில் சொன்னால், எஞ்சினும் வேண்டும், கவர்னரும் வேண்டும். (மன்னிக்கவும் நண்பா, டர்பைன் வந்துவிட்டது.)

ஜூனியர்களுக்கு அட்வைஸ் பண்ணும் வயசு இன்னும் எனக்கு வரவில்லை. அதனால் ஒன்றே ஒன்று. ஃபைனல் இயர் டூரில் நாங்கள் முதுமலை போனபோது, வேனில் பாட்டை அலறவிட்டுக்கொண்டே போய், நாலு மானையும் ஒரு மயிலையும் மட்டும் பார்த்துவிட்டு, காட்டில் ஒண்ணுமே இல்லைப்பா என்று சொல்லிக்கொண்டு திரும்பினோம். நீங்கள் போகும்போது பாட்டை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். மலை மேல் அந்த அம்மாள் முதலில் செய்ததும் அதைத்தான்.

அரியர் இருக்கிறவர்கள் கவலைப்படாமல் படியுங்கள். மற்றவர்களை மதியச் சாப்பாட்டுப் பந்தியில் சந்திக்கிறேன்.